வண்டி போவது அபூர்வம், வண்டிக்குள் இருப்பதுதான் போகும்

கேட்டவர் சென்னையில் இருக்கிறார். ஆவணியில் தங்கை கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு காரில் கிளம்பி, காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள சொந்த ஊருக்கு வருகிறார். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைத் திறந்து 10 நாள் தங்கப்போகிறார்கள். கார் புதிது, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் ஓடுகிற ரகம். போன வருஷம் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வந்த பங்காளி ஒருவரின் வண்டியில் கண்ணாடியை உடைத்து ஒரு பையைத் தூக்கிவிட்டார்களாம். அதனால் "எந்த ஜிபிஎஸ் நல்லது, எந்த அலாரம் போடலாம், வேறு என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார்.

நான் காரைக்குடியில் 28 வருஷமாக வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். அலாரம் மாட்டிக்கொடுப்பதும் நான்தான், கண்ணாடி உடைந்த பிறகு கதவு ஒயரிங்கைச் சரிசெய்ய வண்டி வருவதும் என்னிடம்தான். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

ஜிபிஎஸ்ஸைக் கடைசியில் பேசுவோம். உங்கள் பங்காளி வண்டியில் அது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வண்டி நிறுத்திய இடத்திலேயே பத்திரமாக நிற்கிறது என்று போனில் காட்டிக்கொண்டே இருந்திருக்கும். பை போயிருக்கும்.

என் கடைக்கு வருகிற வண்டிகளை வைத்துச் சொன்னால், நம் பக்கத்தில் காரையே ஓட்டிக்கொண்டு போவது எப்போதாவது நடக்கிற விஷயம். காருக்குள் இருப்பதை எடுப்பதுதான் அடிக்கடி. அதுவும் நீங்கள் பயப்படுகிற ராத்திரி 2 மணிக்கு நடப்பதைவிட, சொந்தக்காரர்களுக்கு நடுவில்தானே நிற்கிறோம் என்று தைரியமாக இருக்கிற அந்த 5 நிமிஷத்தில் நடப்பதுதான் அதிகம். அதனால் காசு செலவழிப்பதற்கு முன் அந்த 5 நிமிஷங்கள் எவை என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் உங்கள் வீட்டு வாசல். இதை யாரும் யோசிப்பதே இல்லை. நம் வீடுகள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வந்து இறங்கியதும் டிக்கியைத் திறந்துபோட்டுவிட்டு ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவீர்கள். உள்ளே போனவர் திரும்பி வர 3 நிமிஷம் ஆகும், நடுவில் ஆச்சி ஒருவர் வழிமறித்து "எப்ப வந்தீக, மருமகன் வரலையா?" என்று கேட்டுவிட்டால் 10 நிமிஷம். அந்த நேரம் முழுக்க வண்டி நான்கு கதவையும் விரித்துக்கொண்டு தெருவில் நிற்கிறது, வீட்டுக்காரர்கள் எல்லாரும் பட்டாலை என்கிற கூடத்தில் நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் இப்படித்தான் சீர்ச் சாமான் இறக்கினார்கள். அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் தூக்கு என்று ஒன்றுவிடாமல் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது, முன்சீட்டில் இருந்த கைப்பை மட்டும் இல்லை. சத்தமும் இல்லை, உடைசலும் இல்லை. ஆகவே சாமான் இறக்கும்போது ஒரு ஆள் வண்டியைவிட்டு நகரக்கூடாது. சாமான் தூக்க முடியாத ஆயாவை, அதாவது பாட்டியை, திண்ணையில் உட்காரவைத்தாலும் போதும், அவர் கேட்கிற "யாரப்பா நீ?"க்கு ஈடான அலாரம் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

அடுத்தது வருகிற வழி. சென்னையிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் இரண்டு தடவையாவது நிறுத்துவீர்கள். நெடுஞ்சாலை ஓட்டலில் நிறுத்தும்போது எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வண்டி நின்ற பிறகுதான் லேப்டாப் பையையும் கைப்பையையும் பின்சீட்டிலிருந்து எடுத்து டிக்கியில் வைத்துப் பூட்டுவார்கள். அங்கே நோட்டம்பார்க்கிறவன் ஒருவன் நின்றால், எந்த வண்டியில் சரக்கு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரிதான். டிக்கியில் வைக்கவேண்டியதை வீட்டில் கிளம்பும்போதே வைத்துவிடுங்கள், வழியில் அதைத் திறக்கவே வேண்டாம். சாப்பிட உட்காரும்போது வண்டி கண்ணில் படுகிற மேசையாகப் பாருங்கள், பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் சுவரை ஒட்டி டிக்கி திறக்க முடியாதபடி பின்னால் தள்ளி நிறுத்துங்கள். நகையும் பணமும் இருந்தால் அது உங்களோடு இறங்கட்டும், எந்த டிக்கியையும் நம்பாதீர்கள். பல வண்டிகளில் பின்சீட்டை மடக்கினால் டிக்கிக்குள் கை போய்விடும்.

சீட்டில் வெறும் பை இருந்தாலும் ஆபத்துதான். அது காலி என்று உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதே. கதவில் இருக்கும் கண்ணாடி உறுதியானதாகத் தோன்றும், ஆனால் ஒரு சின்ன இடத்தில் சரியாக அடி விழுந்தால் மொத்தமும் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், பெரிய சத்தமும் வராது. அப்படி உதிர்வதற்கென்றே செய்தது அது, விபத்தில் நம்மைக் கிழிக்கக்கூடாது என்பதற்காக. முன்கண்ணாடி மட்டும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி, அதை உடைத்தாலும் கீழே விழாது. திருடன் எப்போதும் பக்கத்துக் கண்ணாடிக்குத்தான் வருவான். 200 ரூபாய் சார்ஜர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தால்கூட, பக்கத்தில் போன் இருக்கும் என்று நினைத்து உடைத்தவர்கள் உண்டு, அந்தக் கண்ணாடியை மாற்ற ஆகிற செலவு சார்ஜரைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லவேண்டியதில்லை. ஆக, நிறுத்திவிட்டு இறங்கினால் உள்ளே பார்க்கிறவனுக்கு சீட்டைத் தவிர ஒன்றும் தெரியக்கூடாது. டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தே போட்டுவிட்டுப் போகிறவர் ஒருவர் என் வாடிக்கையாளர், "ஒண்ணும் இல்லைன்னு பாத்துட்டுப் போகட்டும்" என்பார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தோன்றினாலும் அவர் கண்ணாடி இதுவரை உடையவில்லை.

வெயிலுக்காகக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவைக்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய. வேண்டாம். ஒரு கம்பியை விட்டு உள்ளிருந்து பூட்டைத் தூக்க அந்த இடைவெளி போதும். அதேபோல் குழந்தை தூங்குகிறது என்று ஏசியை ஓடவிட்டு, இன்ஜினை அணைக்காமல் பலகாரக் கடைக்குள் போவது. இதைப்பற்றி நான் எழுதவே தேவையில்லை, ஆனால் கல்லூரிச் சாலைப் பக்கம் வாரத்துக்கு ஒரு வண்டியாவது அப்படி நிற்பதைப் பார்க்கிறேன்.

இனிமேல்தான் முக்கியமான இடம். கல்யாணம் என்றால் வங்கி லாக்கரிலிருந்து நகை எடுப்பீர்கள், கழுத்துரு (நம் பக்கத்துத் தாலி மாலை) வெளியே வரும். லாக்கருக்குள் இருக்கும்வரை ஒரு கணக்கு இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியில் திருட்டோ, தீயோ, ஊழியர் மோசடியோ நடந்தால் லாக்கரின் வருட வாடகையைப்போல் 100 மடங்குவரை வங்கி பொறுப்பு. அது நகையின் மதிப்புக்கு எங்கே காணும் என்பது வேறு பேச்சு. ஆனால் வங்கி வாசற்படியைத் தாண்டிவிட்டால் முழுப் பொறுப்பும் உங்களுடையதுதான். வங்கி வாசலில் நின்று யார் எதை எடுத்துக்கொண்டு எந்த வண்டியில் ஏறுகிறார்கள் என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உங்களை அடிக்கவோ மிரட்டவோ மாட்டார்கள். கொஞ்சதூரம் பின்னால் வந்து, நீங்கள் நிற்கும் இடத்தில் "சார், பணம் கீழே விழுந்து கெடக்கு பாருங்க" என்பார்கள். குனிந்து பார்த்தால் உண்மையிலேயே சில 10 ரூபாய் நோட்டுகள் கிடக்கும். இறங்கிப் பொறுக்குகிற நேரத்தில் அந்தப் பக்கத்துக் கதவு திறந்து பை போயிருக்கும். இதிலேயே பல தினுசு உண்டு: பின் டயரில் காற்று இறங்கியிருக்கும், பானெட்டுக்கு அடியில் ஆயில் ஊற்றியிருக்கும், சட்டையில் யாரோ அசிங்கத்தைத் தெளித்துவிட்டு அவர்களே தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து உதவுவார்கள். நாடகம் எதுவாக இருந்தாலும் நோக்கம் ஒன்றுதான், உங்களைச் சீட்டிலிருந்து எழுப்புவது.

அன்றைக்கு மட்டும் கல்நெஞ்சாக இருங்கள். இரண்டு பேர் போங்கள், ஒருவர் வண்டியைவிட்டே இறங்கவேண்டாம். ஏறியதும் கதவுகளைப் பூட்டிவிட்டுத்தான் இன்ஜினைக் கிளப்பவேண்டும், பை சீட்டில் இருக்காமல் காலுக்கடியில் இருக்கட்டும். வழியில் பூ வாங்குவது, கொப்புடையம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போடுவது எல்லாம் நகையை வீட்டுப் பெட்டகத்தில் வைத்த பிறகு. யாராவது டயரைக் காட்டினால் கையை ஆட்டிவிட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டே போய், ஆள் நடமாட்டம் உள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பாருங்கள். காற்று இல்லாத டயரில் அரைக் கிலோமீட்டர் ஓட்டினால் டயர் கெட்டுப்போகலாம், போனால் போகட்டும்.

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி என்று ஒருநாள் கோயில் சுற்றுவீர்கள். கூட்ட நாளில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே சொருகிவிட்டு ஓடாதீர்கள், சீட்டுக் கொடுக்கிற நிறுத்துமிடமாகப் பாருங்கள், அந்தச் சீட்டை வண்டிக்குள் வைக்காமல் கையோடு எடுத்துப்போங்கள். சாமி கும்பிடப் போகிறோம் என்று போனையும் பர்ஸையும் வண்டியிலேயே விட்டுவிட்டு வேட்டியோடு இறங்குவது பக்திதான், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் அன்றைக்கு நல்ல தரிசனம்.

சரி, சாவிக்கு வருகிறேன். இன்றைய வண்டியில் சாவிதான் வண்டி. ரிமோட் பட்டனை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பவர்களே அதிகம். ரிமோட் பேசுவது ரேடியோ அலையில். அதே அலைவரிசையில் இரைச்சல் போடுகிற சின்னக் கருவியைப் பக்கத்தில் ஒருவன் அழுத்திக்கொண்டிருந்தால் உங்கள் "பூட்டு" என்கிற உத்தரவு வண்டியின் காதில் விழாது. நீங்கள் பூட்டியதாக நினைத்துப் போய்விடுவீர்கள், அவன் கதவைச் சும்மா இழுத்துத் திறந்துகொள்வான், உடைத்ததற்கான அடையாளமே இருக்காது, பிறகு காப்பீட்டுக்காரர் உங்களைத்தான் மேலும்கீழும் பார்ப்பார். மருந்து ரொம்பச் சுலபம். விளக்கு மினுக்கியதா, ஓரக்கண்ணாடி மடங்கியதா என்று பாருங்கள், அப்புறம் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். உங்கள் வண்டி மாதிரி சாவி பக்கத்தில் இருந்தாலே கதவு திறக்கிற வண்டியில் நீங்களே இழுத்தால் திறந்துவிடும், அதனால் சாவியை வீட்டார் யாரிடமாவது கொடுத்துக் கொஞ்சம் தள்ளி நிற்கச்சொல்லி இழுக்கவேண்டும், அல்லது பூட்டிய பிறகு ஓரக்கண்ணாடி மடங்குகிற வசதி இருந்தால் அதை நம்பலாம்.

இந்த ரக வண்டிக்கு இன்னொரு பலவீனம் உண்டு. வண்டி எப்போதும் மெல்லிய குரலில் "சாவி பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குரல் ஒன்றிரண்டு மீட்டர்தான் கேட்கும், சாவி கேட்டால் பதில் சொல்லும், கதவு திறக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு பெட்டியோடு வந்து, ஒருவன் வண்டிப் பக்கத்திலும் ஒருவன் வீட்டுச் சுவர் ஓரத்திலும் நின்றால், அந்தக் குரலைப் பிடித்துச் சுவருக்குள் ஆணியில் தொங்குகிற சாவிக்குக் கடத்திவிடலாம். வண்டி ஏமாந்து கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு சாவி தூரமாகிவிட்டது என்று இன்ஜின் நின்றுவிடாது, ஓடுகிற வண்டி நடுரோட்டில் அணைந்தால் ஆபத்து என்பதால் கம்பெனிகளே அப்படி வைத்திருக்கின்றன. வெளிநாடுகளில் இந்த முறையில் ஏராளமான வண்டிகள் போயிருக்கின்றன. என் கடைக்கு இந்தப் புகாரோடு இதுவரை யாரும் வந்ததில்லை, ஆனாலும் செலவே இல்லாத தற்காப்பு இருக்கும்போது எதற்கு விடவேண்டும்?

இங்கேதான் நம் வீட்டின் நீளம் கைகொடுக்கிறது. முகப்பில், திண்ணைச் சுவருக்கு உட்புறம், எல்லாச் சாவியும் மாட்டுகிற பலகை இருக்கும். கார் நிற்பது அதிலிருந்து பத்தடியில். அங்கே மாட்டாதீர்கள். இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் அந்தப் பெட்டிகள் எட்டுவது கஷ்டம். இல்லையா, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுங்கள், உலோகம் அலையைத் தடுத்துவிடும். எல்லா டப்பாவும் தடுக்காது, அதனால் டப்பாவோடு வண்டிக்குப் பக்கத்தில் போய்க் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள், கதவு திறந்தால் டப்பா சரியில்லை. பெட்டகசாலையில் இருக்கிற அந்தக்கால இரும்புப் பெட்டகம் இதற்கு அருமையான இடம். இதற்கென்று கடைகளில் உறை விற்கிறார்கள், வாங்கினாலும் இதே சோதனையைச் செய்துவிட்டு நம்புங்கள், உள்ளே இருக்கிற உலோகத் துணி நாளடைவில் மடிப்பில் விட்டுப்போகும்.

கல்யாண வீட்டில் சாவிக்குப் பத்துக் கை. "வண்டியைக் கொஞ்சம் நகத்துங்கண்ணே, சமையல்காரர் வண்டி உள்ள வரணும்" என்று ஒரு பையன் கேட்பான், மாமா கொடுப்பார், மாமாவுக்கு அவன் மாப்பிள்ளை வீட்டுப் பையன், மாப்பிள்ளை வீட்டுக்கு அவன் பெண் வீட்டுப் பையன். நான் சந்தேகத்தைக் கிளப்பவில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் உண்மையிலேயே நகர்த்தத்தான் கேட்கிறார்கள். ஆனால் சாவி ஒரே ஆளிடம் இருக்கட்டும், நகர்த்த வேண்டுமென்றால் அவரே எழுந்துபோய் நகர்த்தட்டும். அந்த 10 நாளுக்கு மட்டும் ஆக்டிங் டிரைவர் வைத்தால், உங்களுக்குத் தெரிந்தவர் மூலமாக வைத்து அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல டிரைவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். இன்னொரு சாவி சென்னை வீட்டிலேயே பத்திரமாக இருக்கவேண்டும், அதைக் கொண்டுவந்து டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவைக்கிறவர்களை என்ன சொல்வது!

அந்த இரண்டாவது சாவிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வண்டி களவுபோய்ப் பணம் கேட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது வண்டியோடு வந்த இரண்டு சாவியையும்தான். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு சாவி 4 வருஷத்துக்கு முன் கண்மாயில் விழுந்துவிட்டது, அதை எங்கும் எழுதிவைக்கவில்லை, புதிது செய்யவுமில்லை. வண்டி போனபோது "இன்னொரு சாவி யாரிடம் கொடுத்தீர்கள்?" என்கிற ஒரே கேள்வியில் அவரை 8 மாதம் அலையவிட்டார்கள். சாவி தொலைந்தால் அன்றைக்கே காவல்துறையில் பதிவுசெய்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழித்து, புதுச் சாவி வாங்கிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? நம் பெரிய வீடுகள் கட்டிய காலத்தில் கார் நிறுத்த இடம் யோசிக்கவில்லை, சில வீடுகளில் வண்டிக் கொட்டகை இருக்கும், அதைச் சுத்தம்செய்து உள்ளே விட முடிந்தால் வேறு பேச்சே வேண்டாம். இல்லையென்றால் முன்தெருவில், தெருவிளக்குக்கு அடியில், யாராவது திண்ணையில் படுக்கிற வீட்டுக்கு எதிரே நிறுத்துங்கள். பின்தெரு சௌகரியமாகத் தோன்றும், இருபுறமும் 200 அடிக்கு மொட்டைச் சுவர், ஒரு சன்னல்கூட இருக்காது. திருடனுக்கும் அது சௌகரியம்தான். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிற ரகமென்றால் (எர்டிகா, இன்னோவா) அதற்குப் பூட்டு விற்கிறது. அலாய் சக்கரத்துக்கு, தனிச் சாவியில் மட்டும் கழலும் நட்டு சக்கரத்துக்கு ஒன்று போட்டால் போதும். சொந்தக்காரர் யாராவது ஈகோ வேனில் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள், அந்த வண்டியின் சைலன்சரைக் கீழே படுத்து போல்ட்டைக் கழற்றிக் கொண்டுபோகிறார்கள். புகையைச் சுத்தம்செய்ய அதற்குள் இருக்கிற பொருளில் பிளாட்டினம், பல்லேடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகங்கள் சிறிதளவு உண்டு, அதற்காக.

ஆர்.சி. புத்தகத்தின் அசலை வண்டியில் வைக்காதீர்கள். அரசு செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருப்பதைக் காட்டினால் சட்டப்படி செல்லும். அசல் வண்டியோடு போனால் திருடனுக்கு விற்பது சுலபம், கூடவே சென்னை வீட்டு முகவரியும், அங்கே யாரும் இல்லை என்கிற தகவலும் இலவசம். சென்னையில் வீடு பூட்டிக்கிடக்கப்போகிறது என்று அங்கத்திய காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு வாருங்கள், ரோந்து வரும்போது பார்ப்பார்கள். ஊர்ப் படங்களைத் திரும்பிப்போன பிறகு ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளலாம்.

ஊர் வீட்டுக்குள் இருக்கிற பழைய சாமானைப்பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்த யாருக்கும் நம் வீட்டுப் பீங்கான் சாடிக்கும் மரத் தூணுக்கும் விலை உண்டு என்று தெரியும். வீட்டைத் திறக்கிற இந்த 10 நாளில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும், ஓரம் உடைந்த இடம், பெயர் வெட்டிய இடம் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். களவுபோனது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அது ஒன்றுதான் வழி. திரும்பிக் கிளம்பும்போது பின்கட்டுக் கதவை ஒருவர் பூட்டினார் என்று இன்னொருவர் நினைத்துக்கொண்டு போவதும் நடக்கிறது.

இத்தனைக்கும் மேல் ஏதாவது நடந்துவிட்டால்: எதையும் தொடாமல் படம் எடுங்கள், 112க்குப் போன் செய்யுங்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். அது புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்தான், காப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். திருட்டு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, வழியில் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், மின்னணு முறையில் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தரவேண்டும். போன் போயிருந்தால் எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம், அந்த எண் வேண்டுமே, இப்போதே *#06# அழுத்தி வீட்டார் எல்லாருடைய எண்ணையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். வண்டியே போயிருந்தால் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியைக் கவனியுங்கள். லெம்பலக்குடி சுங்கச்சாவடியில் பணம் கழிந்தது என்று வந்தால் வண்டி திருச்சிப் பக்கம் போகிறது என்று அர்த்தம், உடனே போலீசுக்குச் சொல்லுங்கள், அதற்குமுன் அவசரப்பட்டு ஃபாஸ்டேக்கை முடக்கிவிடாதீர்கள்.

காப்பீடு விஷயத்தில் மூன்று இடத்தில் ஆள் ஏமாறுவார். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழுப் பாலிசி இருந்தாலும் வருவது வாங்கிய விலை இல்லை, தேய்மானம் போன மதிப்புதான், வண்டிக்கு 2 வயது தாண்டி 3க்குள் என்றால் 30 சதவீதம் கழித்துவிடுவார்கள். வாங்கிய விலையே வேண்டுமென்றால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்று தனியாகச் சேர்க்கவேண்டும். மூன்றாவது, உங்கள் பங்காளிக்கு நடந்த மாதிரி உள்ளே இருந்த பை, லேப்டாப், நகை இதற்கெல்லாம் சாதாரண வண்டிப் பாலிசி பொறுப்பில்லை, உடைந்த கண்ணாடிக்கு மட்டும்தான். சாவியை வண்டியிலேயே விட்டுப்போனது தெரிந்தால் கவனக்குறைவு என்று தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ பார்ப்பார்கள். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானது என்கிற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அன்றைக்கே சொல்லிவிடுவதுதான் நிம்மதி.

இப்போது உங்கள் ஜிபிஎஸ். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வரிசையில் அது இரண்டாவது. முதலில் கியர் லாக், அல்லது ஸ்டியரிங்கில் வெளியே தெரிகிற மாதிரி மாட்டும் இரும்புப் பூட்டு. சாவிக்குள் இருக்கிற சிப்பை ஏமாற்றிவிட்டு வந்தவனும் இந்த இரும்பை அறுக்கத்தான் வேண்டும், அறுக்க நேரமும் சத்தமும் ஆகும், அந்த நேரத்தில் அவன் பக்கத்துத் தெருவில் பூட்டில்லாத வண்டியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவான். ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) சான்று பெற்ற திருட்டுத்தடுப்புக் கருவி என்றால் பிரீமியத்தில் சொந்தச் சேதப் பகுதிக்கு 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி உண்டு, கேட்டால்தான் கொடுப்பார்கள்.

ஜிபிஎஸ்ஸில், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சோதனைத் துளையில் செருகுகிற ரகத்தை வாங்காதீர்கள், திருடன் உட்கார்ந்ததும் கை போகிற முதல் இடம் அது. ஒயரில் இணைத்து ஒளித்துவைக்கிற ரகம், உள்ளே சொந்தமாக பேட்டரியும் உள்ளது, அதுதான் உபயோகம். எங்கே ஒளித்தோம் என்பது உங்களுக்கும் மாட்டியவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சிம் ரீசார்ஜ் தீர்ந்துபோய் 6 மாதமாகச் செத்துக்கிடக்கிற கருவிகளை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன், கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்துவிடுங்கள். புள்ளி நகர்கிறது என்று தெரிந்தால் நீங்களே துரத்திக்கொண்டு போகாதீர்கள், இடத்தைப் போலீசுக்குச் சொல்லுங்கள். பெட்ரோல் பம்ப் ஒயரில் ரகசிய சுவிட்ச் வைக்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள், பழைய வண்டிக்கு நானே வைத்துக்கொடுக்கிறேன், உங்கள் புது வண்டியில் ஒயரை வெட்டினால் வாரண்டிக்காரன் கைகழுவிவிடுவான், வேண்டாம்.

அலாரம் உங்கள் வண்டியிலேயே கம்பெனி கொடுத்தது இருக்கிறது, இன்னொன்று எதற்கு? கல்யாண வீட்டு வெடிக்கும் மேளத்துக்கும் அது பத்துத் தடவை கத்தும், பதினோராவது தடவை நீங்களே எழுந்துபோய்ப் பார்க்கமாட்டீர்கள்.

வந்ததும் ஒருநாள் வண்டியோடு கடைக்கு வாருங்கள், இரண்டு மூன்று எவர்சில்வர் டப்பாவும் கொண்டுவாருங்கள், எது தடுக்கிறது என்று பார்த்துவிடுவோம். முகூர்த்த நாளில் மட்டும் வேண்டாம், அன்றைக்கு ஊரில் பாதி வண்டி என் வாசலில்தான் நிற்கும்.